திங்கட்கிழமை வந்த காயம்

போன மாதம் ஒரு நாள் காலையில் சாளை மீன் அலசிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். சுகன்யா. நான் ஓய்வு பெற்றபிறகு ஆஸ்பத்திரியில் என் இடத்துக்கு வந்த நர்ஸ் பெண்.

"அக்கா, ஒரு பத்தாங்கிளாஸ் பிள்ளை. தன் கையத் தானே காயப்படுத்திக்கிட்டு மூணாவது தடவையா வந்திருக்கு. டூட்டில எல்லாரும் 'சீன் போடுது'ங்காவ. நீங்க இருந்தா என்ன செய்வீய?"

"அது இப்போ எங்க இருக்கு?"

"உள்ள, கட்டு போடுற ரூம்ல."

"நீ?"

"வெளிய நின்னு உங்ககூடப் பேசிக்கிட்டிருக்கேன்."

"மொதல்ல உள்ள போ தாயி. சின்ன ஸ்டூல எடுத்துப் போட்டு உக்காரு. ஏன்னு மட்டும் கேக்காத. எப்போன்னு கேளு. மிச்சத்தப் பொறவு சொல்லுதேன்."

அந்த மிச்சம் போனில் சொல்லி முடிகிறதாக இல்லை. அதனால்தான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். சுகன்யாவுக்காக எழுத ஆரம்பித்ததுதான். பிள்ளை பெற்றவர்களும் வாத்தியார்களும் வாசித்தால் இன்னும் சந்தோஷம்.

என் பெயர் ஜெயராணி. வீடு ராஜபாளையம். வேலை பார்த்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். பத்தாவதில் கணக்கு காலை வாரிவிட, ஆயாவாகச் சேர்ந்தேன். கட்டுப் போடுகிற அறையைக் கூட்டிக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் என் படிப்பு. ஒரு நாள் ஆள் வராதபோது மரகதம் சிஸ்டர் கையுறையை நீட்டி, "எம்புட்டு நாளைக்குத்தான் எட்டிப் பாப்ப? உள்ள வா" என்றார். அப்படி உள்ளே போனவள் வயதாகித்தான் வெளியே வந்தேன். தினம் போகிற பஸ்ஸில் கண்டக்டர், "நான் திரும்பியே பாக்க மாட்டேன். டெட்டால் வாடை ஏறிட்டுன்னா அக்கா ஏறிட்டாகன்னு டிக்கெட்டக் கிழிச்சிருவேன்" என்பார். மனுஷர் வாயிலிருந்து வருகிற இந்த மாதிரிப் பேச்சு எனக்கு உயிர். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதி வைத்துவிடுவேன். இப்போது கை கொடுப்பது அந்த நோட்டுதான்.

மரகதம் சிஸ்டரைப் பற்றிச் செத்த நேரம் நின்று சொல்ல வேண்டும். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர். ஆனால் அவர் வராந்தாவில் நடந்து வந்தால் டாக்டர்கள்கூட சட்டை பட்டனைச் சரி பார்ப்பார்கள். காய்ந்துபோன கட்டைப் பிரிப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். "கண்ண மூடிக்கோ" என்று சொல்லி ஒரே இழுப்பாக இழுத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆறிவந்த தோலும் கூடவே வந்துவிடும். சிஸ்டர் இழுக்க விடமாட்டார். சலைன் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் துணிமேல் விட்டு நனைக்க வேண்டும். பிறகு ஐந்து நிமிஷம் பொறுக்க வேண்டும். அவர் சட்டையில் குத்தியிருக்கும் கடிகாரம்தான் கணக்கு. அந்த ஐந்து நிமிஷமும் வேறு வேலைக்கு எழுந்து போகக்கூடாது. நோயாளியின் கையை நம் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். துணி தானாக விடும்.

உட்காருகிற ஸ்டூலுக்கும் சட்டம் இருந்தது. நோயாளியின் நாற்காலியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். ஒரு தடவை உயரமான ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "ஏட்டி, நீ என்ன கலெக்டரா? எறங்கி உக்காரு. மேல இருந்து பாத்தா புண்ணு மட்டும்தான் தெரியும், மூஞ்சி தெரியாது" என்றார்.

அவர் எண்ணி எண்ணிப் பேசுகிறவர். நான் லொடலொட. "ஜெயராணி, உன் வாய்க்கும் ஒரு பிளாஸ்டர் ஒட்டணும்" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டு வருவது புதிதல்ல. நான் சேர்ந்த காலத்திலும் வந்தார்கள். செட்டியார்பட்டியிலிருந்து பதினைந்து வயதுப் பையன் ஒருவன், கை முஷ்டி முழுக்கக் கண்ணாடிச் சில்லோடு வந்தான். பீரோக் கண்ணாடியைக் குத்தியிருந்தான். நான் சில்லை எடுத்துக்கொண்டிருக்கும்போது அவன் அப்பா பக்கத்தில் நின்று, "என்னைய அடிக்க அவனுக்குக் கை வரல சிஸ்டர். அதான் கண்ணாடிய அடிச்சுட்டான். அதுல அவன் மூஞ்சி தெரிஞ்சுதா என் மூஞ்சி தெரிஞ்சுதான்னு அவன்ட்டதான் கேக்கணும்" என்றார். குடித்திருந்தார். குடித்திருந்தாலும் சரியாகத்தான் சொன்னார்.

மகாராஜபுரத்திலிருந்து ஒரு பெண். பதினேழு வயது. நாள்கணக்கில் சாப்பிடாமல் கிடந்து மயங்கி விழுந்து, தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். "ஏன் தாயி இப்படி வயித்தக் காயப்போடுத?" என்று கேட்டேன். "என்ன படிக்கணும், யாரக் கட்டணும், எப்போ கட்டணும், எல்லாம் அவியளே முடிவு பண்ணிட்டாவ. சோத்த வாயில வைக்கதா வேண்டாமாங்கிறது மட்டும்தான் என் கையில மிச்சம் இருக்கு" என்றாள். அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அது அழிவு. அந்தப் பிள்ளைக்கு அது ஏதோ ஒரு வேலையைச் செய்துகொடுக்கிறது. கோபத்துக்கு ஒரு வழி, கையில் ஒரு பிடி, மரத்துப்போன மனசில் ஒரு சுரணை. அது என்ன வேலை என்று கண்டுபிடிக்காமல் "செய்யாதே" என்று மட்டும் சொன்னால், பிள்ளை இடத்தை மாற்றிச் செய்யும். நமக்குத் தெரியாத இடத்தில் செய்யும்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் வினோதினி விஷயத்தில் கோட்டை விட்டேன்.

ஓய்வு பெறுவதற்கு ஆறு வருஷம் முந்தி நடந்தது. சிஸ்டருக்கு அது கடைசி வருஷம். வினோதினி பிளஸ் ஒன். ராஜபாளையம் பக்கத்து ஊரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கு பஸ்ஸில் வந்து போகிறவள். அம்மா செல்வி, பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில், பள்ளி மணி அடிப்பதற்கு முன்னால், யூனிபார்மோடு வந்து நின்றாள். இடது முழங்கையில் கர்ச்சீப் சுற்றியிருந்தது.

"கருவேல முள்ளு கிழிச்சுட்டுக்கா."

முள் இல்லை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. எதனால், எப்படி என்பதை எழுதப்போவதில்லை. அதில் யாரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுமில்லை. காயம் ஆழமில்லை. டாக்டர் நோயாளிக் கூட்டத்துக்கு நடுவே இருந்தார். ரெஜிஸ்டரில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'முள் கீறல்' என்று எழுதினேன். வயசுப் பிள்ளை, பெயர் கெட்டுவிடக் கூடாது என்று. அது உதவி என்றே அன்றைக்கு நம்பினேன்.

சலைன் ஊறுகிற ஐந்து நிமிஷத்தில் கண்டக்டர் கதை, கண்ணாடி குத்தினவன் கதை, என் மாமியார் கோழி பிடித்த கதை எல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டு நானே அவளைக் குணமாக்கிவிட்டது போல நினைத்தேன். மூன்றாவது திங்கட்கிழமை புண் நன்றாக ஆறியிருந்தது. "ஆறிட்டு! இனிமே உனக்கு இங்க சோலி இல்ல, ஓடு" என்று முதுகில் தட்டினேன். அவள் முகம் விழுந்துபோனதைப் பார்த்தேன். பரீட்சைக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை புதுக் காயத்தோடு வந்தாள். அதற்கடுத்த திங்கட்கிழமை இன்னொன்று. இந்தத் தடவை தையல் போட வேண்டியிருந்தது.

அன்று மத்தியானம் சிஸ்டர் ரெஜிஸ்டரை என் முன்னால் விரித்து வைத்தார். "வாசி."

"வினோதினி, முள் கீறல். வினோதினி, முள் கீறல். வினோதினி..." மூன்றாவதில் நிறுத்திக்கொண்டேன்.

"அந்த முள்ளுக்கு இவ வீட்டு விலாசம் தெரியும் போல."

"பிள்ளை பேரு கெட்டுறக் கூடாதேன்னுதான் சிஸ்டர்..."

"பேரு நல்லா இருக்கு. கை?"

சிஸ்டர் விரலைத் தேதிக் கட்டத்துக்கு நகர்த்தினார்.

"தேதியப் பாரு. என்ன கிழமை?"

"திங்கக்கிழமை. ஞாயித்துக்கிழமை நம்ம ரூம் பூட்டிக் கிடக்கும். ரெண்டு நாள் கூட்டமும் திங்கக்கிழமைதான வரும் சிஸ்டர்?"

"லீவு நம்ம ரூம்புக்கு. அவளுக்கு ஞாயித்துக்கிழமை என்னன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போய், கறி எடுத்துக் குழம்பு வைத்து, மத்தியானம் தூங்குகிறவள். திங்கட்கிழமைக் கூட்டம் எனக்குப் பழகின கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பிள்ளையின் கிழமை ஒளிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிஷமும் நானே பேசினால் அவள் எப்போது பேசுவாள்? பிளாஸ்டர் விளையாட்டுக்குச் சொன்னதில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அன்றே டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, ரெஜிஸ்டரில் என் கையாலேயே திருத்தி எழுதினேன். அவர் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தையலைப் பார்க்க வந்தாள். சலைன் விட்டேன். கையைத் தாங்கிக்கொண்டு தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இரண்டு நிமிஷம் கிடையாது.

"ஏன்க்கா இன்னைக்குப் பேசல?"

"உன் மொறை வரட்டும்னு இருக்கேன்."

அவள் கையைப் பார்த்தாள். நான் 'ஏன்' என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் 'சும்மா' என்றுதான் சொல்லும். அந்தச் சொல்லில் ஒரு போலீஸ்காரர் இருக்கிறார்.

"எப்போ தாயி இப்படித் தோணுது? அம்மா தறிக்குப் போன பொறவா, தனியா இருக்கையிலயா?"

"இல்லக்கா. அம்மா தறிக்குப் போனா நல்லா இருப்பேன். ஞாயித்துக்கிழமைதான். அம்மா வீட்டுல இருக்கும்."

"அம்மா இருந்தா நல்லதுதான?"

"இருக்கும். ஆனா இருக்காது. செவத்தப் பாத்து உக்காந்திருக்கும். பேசாது. திட்டவும் திட்டாது."

பிறகு தானாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவள் அடம் பிடித்ததால் மூன்று பேரும் அய்யனார் கோவில் அருவிக்குப் போயிருக்கிறார்கள். குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

"நான் கூப்பிடலன்னா வந்திருக்க மாட்டாருல்ல? அம்மாக்குத் தெரியும். ஆனா ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு அடி போட்டாக்கூடத் தேவலக்கா. போடவே மாட்டேங்கு. அதான்..." என்று தன் கையைக் காட்டினாள்.

அம்மா கொடுக்காத அடியை ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தானே கொடுத்துக்கொண்டிருந்தாள். அடிபட்ட கைக்கு மருந்து போட நான் இருந்தேன். அவளுக்குக் காயம் ஒரு தண்டனை, மருந்து போடுகிற இடம் ஒரு மடி. 'இனிமே சோலி இல்ல, ஓடு' என்று அந்த மடியையும் நான் தட்டிவிட்டிருந்தேன்.

சிஸ்டர் சொல்லியிருந்தபடி நேராகவே கேட்டேன். "சாகணும்னு தோணுதா தாயி?" கேட்டால் ஞாபகப்படுத்திவிடுவோமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயப்படவேண்டாம், கேளுங்கள்.

"சாகணும்னு இல்லக்கா. அந்த நெனப்பு கொஞ்ச நேரம் ஓயணும்." பிறகு கையை இறுக்கிப் பிடித்தாள். "அம்மாட்ட சொல்லிறாதீய."

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். நீயும் பக்கத்துல இருப்ப, நானும் இருப்பேன்."

அன்று முழுக்க யோசித்தாள். சாயங்காலம் பள்ளி விட்டு வந்து, "வரச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் செல்வி அரை ஷிப்டு சொல்லிவிட்டு வந்தார். தலைமுடியில் பஞ்சுத் தூசி வெள்ளையாக ஒட்டியிருந்தது. கட்டைப் பார்த்ததும், "நான் அங்க நின்னு சாகுதேன், நீ இங்க இந்தச் சோலியா பாக்க?" என்று கையை ஓங்கிக்கொண்டு போனார். நான் குறுக்கே போய்த் தாழ்வான ஸ்டூலைத் தள்ளினேன். "அடிக்கதுன்னாலும் உக்காந்து அடிங்க" என்றேன். என்ன தோன்றியதோ, உட்கார்ந்துவிட்டார். சலைன் பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். "சொட்டுச் சொட்டா விடுங்க. இழுக்கக் கூடாது. கைய நீங்கதான் தாங்கணும்."

செல்வி மகளின் கையைத் தாங்கினார். துணியின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தார். "இது எங்க தறித் துணியாட்டம் இருக்கு" என்றார் மெதுவாக. "தெனம் எம்புட்டு நெய்யுதோம். யாரு கைக்குப் போகும்னு ஒரு நாளும் நெனச்சதில்ல." பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார். கீழே இருந்து பார்த்தால் முகம் தெரியும் என்று சிஸ்டர் சொன்னதுதான்.

வினோதினி சொன்னாள். "நாந்தானம்மா அருவிக்குப் போகணும்னு அடம் புடிச்சேன்."

செல்வி சலைன் பாட்டிலைத் தரையில் வைத்தார். "நீயா? ஏட்டி, அன்னைக்குக் காலையில எந்திரிக்கையிலயே நெஞ்சக் கரிக்குன்னாரு உங்கப்பா. இஞ்சியத் தட்டிக் கஷாயம் போட்டுக் குடுத்து, புள்ள ஆசையாக் கெளம்பி நிக்கா, வாங்கன்னு அவரக் கெளப்புனதே நாந்தான். வாயத் தொறந்தா அது வந்துரும். வந்துட்டா நீ என்னைய விட்டுட்டுப் போயிருவன்னு மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர், ஒரே பழியைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டு, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் ஒரு வருஷம். ஐந்து நிமிஷம் பத்தாகி இருபதானது. வாசலில் நின்ற சிஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. வெளியே கால்புண்ணோடு காத்திருந்த பெரியவர், "உள்ள என்ன ஆப்பரேசனா நடக்கு?" என்று சத்தம் போட்டார்.

"ஆமா" என்றார் சிஸ்டர்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. மறுவாரமே இருவரையும் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். பஸ்ஸில் செல்வி என் காதுக்குள், "பைத்தியம்னு பேரு கட்டிர மாட்டாவளே?" என்று கேட்டார். "கால் ஒடஞ்சா நொண்டின்னா பேரு வைக்கோம்? கட்டுப் போடுதோம்" என்றேன். மாசக்கணக்கில் போய்வந்தார்கள், அம்மாவும் சேர்ந்து. அதற்கிடையில் வினோதினி இரண்டு தடவை காயத்தோடு திரும்பி வந்தாள். முதல் தடவை செல்வி, "அதான் எல்லாம் பேசியாச்சே, இன்னும் என்ன?" என்று உடைந்துபோனார். வழுக்கி விழுகிறவர்கள் நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். இரண்டு தடவையும் அதே ஸ்டூல், அதே ஐந்து நிமிஷம். ஒரு வார்த்தை ஏசவில்லை, ஒரு முகச் சுளிப்பு காட்டவில்லை. அவள் அதை விடும்வரை நான் களைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டேன். அந்த நேரத்துக்குப் போன் போட்டு, "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று மட்டும் கேட்பேன். முதலில் வினோதினி பதில் சொல்வாள். அப்புறம் அப்புறம் பின்னாலிருந்து செல்வியின் குரல் கேட்கும்: "ஏட்டி, ரசம்னு சொல்லிறாத, மானம் போகும்!"

அப்படியே ஒரு திங்கட்கிழமை. கூட்டம் நிறைய. கதவு இடுக்கில் யூனிபார்ம் தெரிந்தது. சலைன் பாட்டிலுக்குக் கை நீட்டினேன். வினோதினி கையில் டிபன் பாக்ஸ் மட்டும் வைத்திருந்தாள்.

"அக்கா, இன்னைக்குக் கட்டு எதுவும் இல்ல. செத்த உக்காரலாமா?"

கையைக் காட்டு என்று நான் கேட்கவில்லை. "உக்காரு தாயி, அஞ்சு நிமிசம் உண்டு" என்றேன். அவள் போனபிறகு ரெஜிஸ்டரை எடுத்து அவள் பெயரை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், 'காயம் இல்லை. பார்க்க வந்தாள்' என்று எழுதினேன். ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரில் அப்படி எழுதக் கூடாது. மரகதம் சிஸ்டர் வாசித்துப் பார்த்தார், பேனாவை வாங்கினார், கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

வினோதினி இப்போது மதுரையில் வேலை பார்க்கிறாள். அரைக்கைச் சுடிதார்தான் போடுகிறாள். தழும்பை யாராவது கேட்டால், "முள்ளு இல்ல" என்பாளாம்.

சீன் போடுகிறது என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சரி, சீன்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க ஆள் இல்லாமல்தானே அந்தப் பிள்ளை தன் தோலைக் கிழித்துக் கூப்பிடுகிறது? பாருங்களேன். காயம் ஆறினபிறகும் பாருங்கள்.

சாளை மீன் அலசின அன்று, ஒரு மணி நேரத்திலேயே சுகன்யா மறுபடி போன் போட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரி சின்ன ஸ்டூல்ல உக்காந்தேன். எப்போன்னு கேட்டேன்."

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலக்கா. கட்டுப் போட்டு முடிச்சு அரைமணி நேரமாச்சு. ஆனா எந்திரிச்சுப் போகல."

"அப்போ போன வச்சுட்டு உள்ள போ" என்றேன். "அது எந்திரிக்கிற வரைக்கும் நீயும் எந்திரிக்காத."